அவரையே அனுப்புங்கள்

பொத்தானை அழுத்திய அடுத்த நொடியே நிபுணருக்குத் தெரிந்துவிட்டது, அதை அழுத்தியிருக்கக் கூடாது என்று.

லேப்டாப் திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது. சுற்றியது, சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. பெட்டிக்குள் நுழைய இருந்த ஒரே வாசலின் எண்ணை, அதே வாசல் வழியாக உள்ளே போய் நின்றுகொண்டு மனுஷன் மாற்றிவிட்டார். இப்போது பெட்டி ஒரு பக்கம், இவர் ஒரு பக்கம். ஏணி மேல் நின்றுகொண்டு ஏணியை உதைத்த கதைதான்.

ஆனால் அதை முகத்தில் காட்டிவிட்டால் அப்புறம் அவர் என்ன நிபுணர்?

“என்ன சார், ஆச்சா?” என்று முதுகுக்குப் பின்னாலிருந்து கேட்டார் கிளை மேலாளர்.

“ஆயிட்டே இருக்கு சார். பெட்டி யோசிக்குது.”

“யோசிக்கட்டும் சார், நல்லா யோசிக்கட்டும். நமக்கு என்ன அவசரம்? காபி சொல்லட்டுமா?”

இப்படி ஒரு வாடிக்கையாளர் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்று நிபுணர் நினைத்துக்கொண்டார்.

‘நிபுணர்’ என்பது அவர் தனக்குத்தானே சூட்டிக்கொண்ட பட்டம் இல்லை. இந்தக் கிளை அலுவலகத்தார் வைத்தது. முதல் தடவை அவர் வந்தபோதே மேலாளர் வாசல்வரை இறங்கி வந்து, “வாங்க நிபுணரே!” என்று வரவேற்றார். அதுவே நிலைத்துவிட்டது. அவருடைய சொந்தக் கம்பெனியில் அவரை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அங்கே அவருக்கு வேறு பெயர்கள் உண்டு. அவை அவர் காதில் விழாமல் பார்த்துக்கொள்ளும் பண்பாடும் அங்கே உண்டு.

கட்டட வரைபடங்களைச் சரிபார்க்கும் அலுவலகம் இது. கீழே கேட்டில் உட்காரும் காவலாளியையும் சேர்த்துப் பதினோரு பேர். வரைபடம் ஒவ்வொன்றும் கம்ப்யூட்டருக்குள் அப்படி ஒரு கனம் கனக்கும். இந்தக் கிளைக்கும் தொலைவில் இருந்த மெயின் ஆபீசுக்கும் நடுவே ஓடியதோ ஒரே ஒரு மெலிந்த லைன். ஒரு வரைபடம் அந்தப் பக்கம் போய்ச் சேர நாற்பது நிமிஷம் பிடித்தது. அதற்குத்தான் மெயின் ஆபீஸ் இந்தப் பெட்டியை வாங்கி அனுப்பியிருந்தது. தட்டையாக, அகலமாக, முன்பக்கம் நாலைந்து குட்டி விளக்குகளோடு இருந்தது. ஒரு தடவை லைனில் போனதை அது ஞாபகத்தில் வைத்துக்கொள்ளும். மறுபடி அதே வரைபடம் போகும்போது மாறிய கோடுகளை மட்டும் சுருக்கி அனுப்பும். நாற்பது நிமிஷம் நாலு நொடியாகிவிடும். இதற்கு ஜோடிப் பெட்டி மெயின் ஆபீசில் நாலு மாதமாக விளக்கெரிந்தபடி காத்திருந்தது.

இந்தப் பக்கத்துப் பெட்டிதான் மசியவில்லை. நிபுணர் வந்திருப்பது நாலாவது தடவை.

அன்று காலை கிளம்பும்போது அவருடைய சூப்பர்வைசர் ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லிவிட்டார்.

“இதுதான் கடைசி. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அந்தப் பெட்டி ஓடணும். இல்லன்னா வேலை முடிஞ்சதுன்னு அவங்க கையெழுத்தாவது வரணும். ரெண்டும் இல்லன்னா நாளையிலேருந்து நீங்க குடோன்ல உட்கார்ந்து கேபிள் எண்ணுங்க.”

“சார், அங்க லைன்லயே ஏதோ கோளாறு...”

“மூணு தடவையும் இதையேதான் சொன்னீங்க. போன மாசம் சேர்ந்த பொண்ணை அனுப்பறேன்னு நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அந்த மேலாளர் ஒத்துக்க மாட்டேங்கறார். ‘அவரையே அனுப்புங்க, வேற யாரும் வேண்டாம்’னு ஒத்தக் கால்ல நிக்கறார். அப்படி என்னதான் சொக்குப்பொடி போட்டீங்க?”

நிபுணர் அடக்கமாகச் சிரித்துக்கொண்டார். குடோன் பயம் இல்லாமல் இல்லை. இருபத்திரண்டு வருஷம் கம்பெனிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், ஜன்னல் இல்லாத அறையில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று கேபிள் எண்ணுவதா? வீட்டில் எந்த முகத்தை வைத்துக்கொண்டு சொல்வது? ஆனால் ‘அவரையே அனுப்புங்க’ என்ற வார்த்தை அந்தப் பயத்தை அப்படியே அமுக்கிவிட்டது. தன் அருமை தெரிந்தவர்கள் உலகத்தில் ஒரு இடத்திலாவது இருக்கிறார்களே!

வட்டம் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. நிபுணர் லேப்டாப்பை மூடினார்.

“சார், இது சாதாரண வழியில சரிப்படாது. நேரா பெட்டியோட முதுகுல கேபிள் மாட்டித்தான் பேசணும். அதுக்குப் பழைய கம்ப்யூட்டர் ஒண்ணு வேணும். பின்னால ஒன்பது ஊசி சாக்கெட் இருக்கும் பாருங்க, அந்த மாதிரி.”

அப்படிப்பட்ட கம்ப்யூட்டர் அந்த அலுவலகத்தில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. மூத்த வரைவாளரின் மேசையில், பழைய வரைபடங்களைத் திறப்பதற்காக ஓடிக்கொண்டிருந்தது. ஒல்லியாக, நெட்டையாக, வளையாமல் நடப்பதால் மூத்த வரைவாளருக்கு ஆபீசில் ‘ஸ்கேல்’ என்று பெயர்.

வேறு ஆபீசாக இருந்தால் அடிதடியே நடந்திருக்கும். ஸ்கேல் எழுந்து நின்று, தன் கையாலேயே வயர்களைப் பிடுங்கிக் கொடுத்தார்.

“எடுத்துக்கோங்க சார். எவ்வளவு நேரம் வேணும்னாலும் வெச்சுக்கோங்க.”

“உங்க வேலை நிக்குமே?”

“எங்க வேலை இருக்கணும்னுதானே சார் நீங்க வந்திருக்கீங்க,” என்றார் ஸ்கேல். நிபுணருக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது.

பழைய கம்ப்யூட்டர் வழியாகப் பெட்டி பேசியது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டது. முதல் கேள்வி, ‘என் எண் என்ன?’

“இந்த ஆபீஸ்ல எந்த நம்பர் காலியா இருக்குன்னு ஒரு பட்டியல் வெச்சிருக்கேன் சார், எடுத்துத் தரட்டுமா?” என்றாள் ரிசப்ஷன் அக்கா. அந்த ஆபீசில் வயது வித்தியாசம் பார்க்காமல் எல்லோருக்கும் அவள் அக்காதான்.

அவள் சொல்லி முடிப்பதற்குள் ஸ்கேல் அவளை ஒரு பார்வை பார்த்தார். அக்கா வாயை மூடிக்கொண்டாள்.

“பட்டியல் எதுக்கும்மா?” என்றார் நிபுணர். “ஐம்பது போடறேன். இருபத்திரண்டு வருஷமா எங்க போனாலும் ஐம்பதுதான். நம்ம ராசி நம்பர்.”

ஐம்பதாம் எண்ணில் ஏற்கெனவே ஆபீசின் பெரிய பிரிண்டர் குடியிருந்தது. ஒரே தெருவில் இரண்டு வீட்டுக்கு ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் என்ன செய்வார்? பாதி வரைந்த ஒரு மூன்று மாடிக் கட்டடத்தை இரண்டாவது மாடியோடு நிறுத்திவிட்டுப் பிரிண்டர் வாயை மூடிக்கொண்டது.

“மொட்டை மாடி வரலையே சார்,” என்றார் ஸ்கேல், பேப்பரைத் தூக்கிப் பிடித்தபடி.

“இதோ, ஒரே நிமிஷம். ஐம்பத்தொண்ணு போட்டாச்சு.”

மேலாளர் அறையிலிருந்து குரல் வந்தது. “சார், என் கம்ப்யூட்டர் என்னை யாருன்னு கேக்குது!”

ஐம்பத்திரண்டு போட்டதும் வருகைப் பதிவு இயந்திரம் படுத்தது. ஐம்பத்து மூன்றுக்குத்தான் அந்த ஆபீசில் உரிமையாளர் யாரும் இல்லை. மணி பதினொன்றரை. பெட்டிக்குள் நுழைந்தாயிற்று. நிபுணர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, ஒன்றும் நடக்காததுபோல் சுற்றிலும் பார்த்தார்.

“பார்த்தீங்களா, எண்ணி ஒன்றரை மணி நேரம்!”

“அபாரம் சார்,” என்றார் மேலாளர். ஆபீஸ் முழுக்கக் கைதட்டியது.

இனிமேல்தான் உண்மையான வேலை. பெட்டிக்கு இரண்டு பக்கம். வெளிப்பக்கத்து வயர், தொலைபேசிக் கம்பெனிக்காரர்கள் சுவரில் மாட்டிய ரூட்டருக்குப் போகும். உள்பக்கத்து வயர், ஆபீஸ் கம்ப்யூட்டர்கள் எல்லாம் வந்து கூடுகிற ஸ்விட்சுக்குப் போகும். ஒவ்வொரு பக்கத்துக்கும் வேகம் என்ன, ஒரே நேரத்தில் இரண்டு பேரும் பேசலாமா அல்லது ஒருவர் பேசி முடித்ததும்தான் இன்னொருவரா என்று சொல்லித் தர வேண்டும். ‘நீங்களே பேசி முடிவு பண்ணிக்கோங்க’ என்று விட்டுவிடவும் வழி உண்டு. அதற்குப் பெயர் ஆட்டோ.

நிபுணர் இதில் ஒரு தத்துவமே வைத்திருந்தார்.

“குடும்பத்துல அப்பா கண்டிப்பு, அம்மா செல்லம். அப்பதான் பிள்ளை ஒழுங்கா வளரும். அதே மாதிரிதான் சார் இதுவும். உள்பக்கம் கண்டிப்பா வெச்சுடறேன், இதுதான் வேகம்னு. வெளிப்பக்கம் ஆட்டோல விட்டுடறேன், உன் இஷ்டம்னு.”

“ஆஹா, எவ்வளவு ஆழமா யோசிக்கறீங்க!” என்றார் மேலாளர்.

ஆழமாகத்தான் போய்விட்டது. வெளியே ரூட்டர் ஏற்கெனவே கண்டிப்பான ஆள், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசலாம் என்று அடம்பிடிக்கிறவர். ஆட்டோவில் விட்ட பெட்டி, அவர் வாயைத் திறந்து பதில் சொல்லாததால், ‘சரி, ஒருத்தர் ஒருத்தரா பேசுவோம்’ என்று தானாக முடிவு கட்டிக்கொண்டது. இவர் பேசும்போது அவர் பேச, முட்டிக்கொண்டு பாதி வார்த்தை கீழே விழுந்தது. உள்பக்கத்திலும் அதே கூத்து, ஆள்தான் மாறியிருந்தது. சோதனைக்காக ஸ்கேல் ஒரு வரைபடத்தை மெயின் ஆபீசுக்கு அனுப்பினார்.

“சார், மூணு மணி நேரம் ஆகும்னு காட்டுது.”

“மூணு நிமிஷமா?”

“மணி நேரம் சார்.”

நிபுணர் திரையை உற்றுப் பார்த்தார். நாற்பது நிமிஷத்தை மூன்று மணி நேரமாக்கிய பெட்டியை வரலாற்றிலேயே இப்போதுதான் பார்க்கிறார். கண்முன் குடோன் வந்து நின்றது.

“பரவாயில்ல சார், நிதானமாப் பண்ணுங்க,” என்றார் மேலாளர். அவர் முகத்தில் சின்ன வருத்தம்கூட இல்லை. “முதல்ல எல்லாரும் வாங்க, கேக் வெட்டலாம். இன்னிக்கு எனக்குப் பிறந்தநாள்.”

காவலாளி கேக்கைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வந்தார். பாட்டு பாடினார்கள், கை தட்டினார்கள், நிபுணருக்குப் பூ வைத்த துண்டாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தார்கள். வாயில் கேக்கோடு நிபுணருக்கு லேசாக ஒரு ஞாபகம் வந்தது. போன மாதம் வந்தபோதும் மேலாளருக்குப் பிறந்தநாள்தான். ஒன்று பள்ளிச் சான்றிதழ்ப் பிறந்தநாளாக இருக்கும், இன்னொன்று நிஜமானதாக இருக்கும் என்று அவரே சமாதானம் செய்துகொண்டார்.

அந்த நேரம் பார்த்து மனைவி போன் செய்தாள்.

“சாப்பிட்டீங்களா? குரலே ஒரு மாதிரி இருக்கே. பெட்டி ஓடலையா?”

“ஓடாம என்ன? ஓடிட்டேதான் இருக்கு. வேகம்தான் கொஞ்சம் பின்பக்கமா ஓடுது.”

“அது கூட வந்த காகிதத்தைப் படிச்சீங்களா?”

“இந்தா பாரு, காகிதம் படிக்கறதெல்லாம் கத்துக்குட்டிங்க வேலை. இருபத்திரண்டு வருஷத்துல நான் ஒரு காகிதம் படிச்சதில்ல.”

“அதான் தெரியுதே,” என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள். வீட்டில் வாஷிங் மெஷின் நின்றபோது இவர் மூன்று ஞாயிற்றுக்கிழமை கழற்றி மாட்டியதையும், அவள் காகிதத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு மூடியைத் திருப்பியதையும் அவள் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட இவ்வளவு எரிச்சல் வந்திருக்காது.

அந்த எரிச்சலில்தான் நிபுணர் அடுத்த காரியத்தைச் செய்தார். பெட்டியின் பின்னாலிருந்த வயர்களை எல்லாம் மொத்தமாகப் பிடுங்கி, “முதல்லேருந்து வருவோம்,” என்று திரும்ப மாட்டினார். மூன்று துளைகளில் நடுத்துளைதான் வெளிப்பக்கம். அவர் ஓரத்துளையில் மாட்டினார். அது பெட்டியை நிர்வகிக்கிற வாசல், அதற்குள் லைனை விட்டால் எங்கேயும் போகாது.

ஆபீஸ் முழுக்கச் செத்துப்போனது. மெயில் இல்லை, மெயின் ஆபீஸ் இல்லை. மேசைக்கு மேசை ஆட்கள் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். யாரோ சீட்டுக்கட்டை எடுக்கிற சத்தம் கேட்டது. ஒரு அதட்டல் இல்லை, ஒரு முணுமுணுப்பு இல்லை. இப்படிப்பட்ட நல்லவர்களை வேறெங்கும் பார்த்ததில்லை என்று நிபுணருக்குக் கண் கலங்கியது. அவருக்கே தன்மேல் கோபம் வந்தது. அரை மணி நேரம் மண்டையை உடைத்துக்கொண்டு, வயரை ஒருவழியாக நடுத்துளைக்கு மாற்றினார். திரும்பவும் மூன்று மணி நேரக் கணக்குதான் வந்தது. கடைசியில் ஒன்றும் தோன்றாமல், பெட்டியின் மின்சாரத்தையே அணைத்துவிட்டார்.

உடனே எல்லாம் உயிர் பெற்றது. அந்தப் பெட்டியின் குணம் அது. மின்சாரம் போனால் உள்ளேயே ஒரு சின்ன இணைப்பு டக்கென்று விழுந்து, உள்பக்க வயரையும் வெளிப்பக்க வயரையும் ஒரே வயராக்கிவிடும். பெட்டியே அங்கே இல்லாதது மாதிரி ஆகிவிடும். வரைபடம் பழையபடி நாற்பது நிமிஷக் கணக்கில் கிளம்பியது.

“சார்!” என்று மேலாளர் துள்ளிவிட்டார். “இது போதும் சார்! இப்படியே விட்டுடுங்க. அருமையா இருக்கு!”

“சார், இப்ப பெட்டி அணைஞ்சிருக்கு.”

“அதான் சார், அணைஞ்சிருக்கறப்ப எவ்வளவு நல்லா வேலை செய்யுது பாருங்க! கொண்டாங்க அந்தப் படிவத்தை.”

நிபுணர் யோசிப்பதற்குள் மேலாளர் பேனாவைத் திறந்துவிட்டார். ‘வேலை திருப்திகரமாக முடிந்தது’ என்று எழுதி, கீழே கோடு இழுத்துக் கையெழுத்தும் போட்டுவிட்டார். முத்திரை குத்தினார். மை காய ஊதியும் கொடுத்தார்.

மணி இரண்டே முக்கால். கையில் கையெழுத்து. இனி குடோன் இல்லை, கேபிள் எண்ண வேண்டாம், வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்கலாம். நிபுணர் படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு, மாடிப்படியின் முதல் படியில் காலும் வைத்துவிட்டார்.

வழியனுப்ப வந்த ரிசப்ஷன் அக்கா நல்ல மனசோடுதான் சொன்னாள். “வருத்தப்படாதீங்க சார். உங்களால முடிஞ்சது அவ்வளவுதான்.”

நிபுணர் அப்படியே நின்றுவிட்டார்.

குடோன்கூடப் பரவாயில்லை. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. ‘உங்களால முடிஞ்சது அவ்வளவுதான்’ என்றால் என்ன அர்த்தம்? நாலு தடவையும் தன்னையே கேட்டு வரவழைத்த மனிதர்கள், ஓடிக்கொண்டிருந்த கம்ப்யூட்டரைப் பிடுங்கிக் கொடுத்த மனிதர்கள், கேக்கில் பூத்துண்டு கொடுத்த மனிதர்கள். அவர்களுக்கு அணைந்த பெட்டியைக் கொடுத்துவிட்டுக் கையெழுத்தோடு ஓடுவதா? இவ்வளவு நம்பிக்கைக்கு இதுவா மரியாதை? காலை படியிலிருந்து எடுத்துவிட்டுத் திரும்பி நடந்தார்.

“என்ன சார், எதையாவது மறந்துட்டீங்களா?” மேலாளர் அவசரமாக எதிரே வந்து நின்றார்.

“ஆமாம் சார். வேலையை.”

படிக்குக் கீழே, பெட்டி வந்த அட்டைப்பெட்டி நாலு மாதமாகக் கிடந்தது. யாரும் பார்க்காத சமயமாகப் பார்த்து, அதன் அடியிலிருந்து பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காத காகிதத்தை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார் நிபுணர். நேரே கழிவறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். இருபத்திரண்டு வருஷக் கௌரவம், நாலு பேர் நடுவில் வைத்துப் படிக்க முடியுமா?

காகிதத்தில் மூன்றே விஷயம் கொட்டை எழுத்தில் இருந்தது. பெட்டிக்கு எண் போடுமுன் காலி எண் எது என்று அந்த இடத்து ஆட்களைக் கேள். ரூட்டரில் என்ன வேகம், என்ன முறை வைத்திருக்கிறார்களோ, அதையே பெட்டியின் இரண்டு பக்கமும் வை, ஸ்விட்சிலும் வை. ஒருவர் கண்டிப்பு ஒருவர் ஆட்டோ என்று ஒருபோதும் வைக்காதே. முடிந்ததும் மறக்காமல் ‘சேமி’ அழுத்து, இல்லாவிட்டால் மின்சாரம் போய் வந்தவுடன் செய்தது எல்லாம் அழிந்துவிடும்.

மூன்றாவதைப் படித்தபோது நிபுணருக்கு நெற்றியில் அடித்துக்கொள்ளத் தோன்றியது. முந்தைய மூன்று தடவையும் ஏதோ ஒரு விளக்கை எரியவைத்துவிட்டுப் போனார். மறுநாள் காலை எல்லாம் துடைத்ததுபோல் அழிந்திருந்தது. லைன் கோளாறு, லைன் கோளாறு என்று எத்தனை பேரிடம் சத்தியம் செய்திருப்பார்!

கதவைத் தட்டினார்கள்.

“சார், நல்லாத்தானே இருக்கீங்க?” மேலாளரின் குரல். “அழறீங்களா சார்? மனசைத் தளர விடாதீங்க. கையெழுத்துதான் போட்டாச்சே, கிளம்புங்க சார்.”

“பத்து நிமிஷம் சார்!”

வெளியே வந்தவர் வேறு ஆள். திரும்பி வந்ததும் வழக்கம்போல் சுவரிலிருந்த ரூட்டர் மேல் மாட்டியிருந்த தன் பையை எடுத்தார். பைக்குப் பின்னால் ஒரு வெள்ளைச் சீட்டு ஒட்டியிருந்தது. ‘நூறு. இருவழியும் ஒரே நேரத்தில். மாற்றாதீர்கள்.’ நாலு வருகையிலும் அவர் பை மாட்டிய இடம் அதுதான்.

பெட்டிக்கு மின்சாரம் கொடுத்தார். ரிசப்ஷன் அக்காவிடம் பட்டியலைக் கேட்டார். பட்டியலைக் காணோம் என்றாள். “இந்தா, உன் கை கீழதானே இருக்கு,” என்று அவரே எடுத்துக்கொண்டார். ஸ்கேல் வந்து, “சார், இன்னொரு காபி சாப்பிட்டுட்டுப் பண்ணலாமே,” என்றார். வேண்டாம் என்றார். கரண்ட் போகும்போல இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள். போகட்டும், அதற்குள் சேமித்துவிடுவேன் என்றார். மேலாளர் தனக்கு நெஞ்சு படபடக்கிறது என்றார். “எனக்கும்தான் சார், சந்தோஷத்துல!” என்றார் நிபுணர்.

வெளிப்பக்கம், நூறு, இருவழி. உள்பக்கம், நூறு, இருவழி. ஸ்விட்சிலும் அதே. சேமி. அணைத்துப் போட்டார். எதுவும் அழியவில்லை. முன்பக்கத்து விளக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாகி, பச்சையாகவே நின்றன.

“அனுப்புங்க சார் ஒரு வரைபடத்தை.”

ஸ்கேல் அனுப்பினார். முதல் தடவை என்பதால் பெட்டி பாடம் கற்றுக்கொள்ளக் கொஞ்ச நேரம் எடுத்தது. ஒரு ஜன்னலை மட்டும் நகர்த்திவிட்டு அதையே மறுபடி அனுப்பச் சொன்னார் நிபுணர்.

ஒன்று. இரண்டு. மூன்று. நாலு. போய்ச் சேர்ந்தது.

காலையில் எதற்கெடுத்தாலும் தட்டிய கைகள் இப்போது மடியில் கிடந்தன. பிரமிப்பு என்றால் இதுதான் பிரமிப்பு என்று நிபுணர் நினைத்துக்கொண்டார். ரிசப்ஷன் அக்கா புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தாள். ஆனந்தக் கண்ணீரை நேரில் பார்ப்பது அவருக்கு அதுதான் முதல் தடவை.

மேலாளர் மேசையில் போன் அடித்தது. மெயின் ஆபீஸ் இயக்குநரின் குரல், தள்ளி நின்றவர்களுக்கும் கேட்டது.

“பிரமாதம்யா! நாலு நொடி! இனிமே எல்லா வரைபடமும் நாங்களே இங்கேருந்து திறந்து பாத்துக்கலாம். அந்தப் பெட்டிக்காரருக்கு என் சார்புல கை கொடுங்க. நாம பேசின விஷயத்தை அடுத்த மாசமே ஆரம்பிச்சிடலாம்.”

“சரிங்க சார்,” என்றார் மேலாளர். போனை வைத்துவிட்டு நிபுணருக்குக் கை கொடுத்தார். அந்தக் கையில் உயிரே இல்லை. பாவம், மனுஷனுக்கு நன்றி சொல்லக்கூட வார்த்தை வரவில்லை.

நிபுணர் அங்கிருந்தே சூப்பர்வைசரைக் கூப்பிட்டார். “ஓடுது சார். பச்சை விளக்கு. கையெழுத்தும் இருக்கு.”

“நீங்களா? நிஜமாவா? மெயின் ஆபீஸ்லேருந்து வேற பாராட்டிப் பேசினாங்களே, நான் வேற யாரோன்னு நினைச்சேன். சரி சரி, குடோனுக்கு வேற ஆளைப் பாத்துக்கறேன். நாளைக்கு நேரா என் ரூமுக்கு வாங்க.”

நிபுணர் மாடிப்படி இறங்கியபோது கால் தரையில் பாவவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் இப்படி ஒரு நாள் வந்ததில்லை. மனைவிக்கு என்ன வாங்கிக்கொண்டு போகலாம் என்று யோசித்தார். காகிதம் படித்ததை மட்டும் அவளிடம் சொல்லக் கூடாது என்றும் முடிவு செய்துகொண்டார்.

கேட்டில் காவலாளி வருகைப் புத்தகத்தை நீட்டினார். வெளியேறிய நேரம் நாலு பத்து என்று எழுதி, ‘நிபுணர்’ என்றே கையெழுத்துப் போட்டார். பேனாவைத் திருப்பிக் கொடுத்தபோது, சந்தோஷத்தை யாரிடமாவது பகிர்ந்துகொள்ளாமல் அவரால் போக முடியவில்லை.

“மேல எல்லாரும் அசந்து போய் உட்கார்ந்திருக்காங்க, பார்த்தீங்களா? இன்னொரு தடவை ஏதாவது பெட்டி கிட்டி வந்தாலும், வேற யாரும் வேண்டாம், என்னையே கேளுங்க.”

காவலாளி புத்தகத்தை மூடினார். நிபுணரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, பெருமூச்சோடு கேட்டைத் திறந்துவிட்டார்.

“இனிமே எங்க சார் கேக்கறது? லைன் வேகமாச்சுன்னா இந்த ஆபீசை மூடிடுவாங்கன்னு தெரிஞ்சுதானே, எந்த ஜென்மத்துலயும் இவர் இதை ஓட வைக்க மாட்டார்னு ஊரெல்லாம் விசாரிச்சு, பதினோரு பேரும் நம்பி உங்களையே கேட்டு வாங்கினோம்!”